மன்னார்க் கரை வரலாறு – 14: பகுதிபகுதியாக வந்த கட்டடங்கள்

தூணும் விட்டமும் சுவரும் கூரையும் கட்டடம் நிற்கப்போகும் நிலத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக எழுவதே கட்டடத் தொழிலின் பொதுவழக்கு. அவ்வாறன்றி, அவற்றை வேறோர் இடத்தில் ஒத்த அளவுகளில் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்து, தேவைப்படும் இடத்துக்கு ஏற்றிச் சென்று, அங்கே பூட்டி நிறுத்தும் முறையும் உண்டு. அதை முன்தயாரிப்புக் கட்டடமுறை எனலாம். வயற்களஞ்சியம், மாட்டுக்கொட்டகை, தொழிற்சாலை, பண்டகசாலை ஆகிய எளிய, அகன்ற கட்டடங்களுக்கே இம்முறை உலகெங்கும் மிகுதியாகப் பயன்பட்டது. இதன் வரலாற்றை எழுதுவோர் 1829ஆம் ஆண்டில் இலண்டன் துறைமுகப் பொறியியலாளர் ஹென்றி ரொபின்சன் பாமர் நெளிதகட்டுக்கு உரிமம் பெற்ற நிகழ்விலிருந்து தொடங்குவது வழக்கம். மன்னார்த்தீவையும் அதன் எதிர்க்கரையையும் பற்றிப் பேசும்போது அந்தத் தொடக்கம் பொருந்தாது. இரும்புத்தகடு இக்கரையில் இறங்குவதற்கு முன்பே, வீட்டின் உறுப்புகளை ஒரு முற்றத்தில் செய்து மற்றொரு கரையில் நிறுத்தும் தொழில் இங்கே நிலைபெற்றிருந்தது. அதன் மூலப்பொருள் ஓலை.

ஓலைத்தொடுவாய் உள்ளிட்ட மன்னார்த்தீவின் ஊர்கள் மணலின்மேல் அமைந்தவை. போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பி, ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிப் பின்னர் திருத்திக் கட்டிய மன்னார்க் கோட்டையும், தேவாலயங்களும், அரச அலுவலகங்கள் சிலவும் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை; மற்றவை யாவும் நெடுங்காலமாகப் பனையை நம்பியே நின்றன. வெளிப்புறம் வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை கறையானுக்கும் உப்புக்காற்றுக்கும் எளிதில் இளகாது. அதன் நாரோட்டம் நெடுக்குவாட்டில் செல்வதால் ஆப்பு வைத்துப் பிளந்து ஒரே தடிப்பமுள்ள நீண்ட சட்டங்களாக எடுக்கலாம். ஓலையோ விசிறி வடிவில் அகன்று, தானே ஒரு கூரைத்துண்டு போல அமைந்திருக்கிறது. ஒரே மரம் தூணையும் கைமரத்தையும் வரிச்சையும் வேய்ச்சலையும் கட்டுநாரையும் தருவதால், தச்சனும் கொல்லனும் இன்றியே ஒரு குடும்பம் தன் கொட்டிலைத் தானே எழுப்பிக்கொள்ள முடிந்தது.

அந்தக் கொட்டிலின் உறுப்புகள் கவனித்துப் பார்க்கத்தக்கவை. நிலத்தில் ஊன்றப்படும் கவர்த்தூண் கப்பு எனப்படும். இரண்டு கப்புகளின்மேல் கிடையாக ஏறும் மரம் வளை. கூரையின் உச்சியில் நெடுக ஓடுவது முகட்டு வளை. முகட்டு வளையிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்குபவை கைமரங்கள். கைமரங்களின்மேல் குறுக்காகக் கட்டப்படும் மெல்லிய தடிகள் வரிச்சுகள். வரிச்சுகளின்மேல் ஓலை கீழிருந்து மேலாக, ஒரு வரியின் அடியை அடுத்த வரியின் நுனி மூடும்படி வேயப்படும். இவற்றுள் எதுவும் ஆணியால் பிணைக்கப்படுவதில்லை. நாரும் தும்புக்கயிறுமே பிணைப்பு. கயிற்றை அறுத்துவிட்டால் கட்டடம் மீண்டும் உறுப்புகளாகப் பிரிந்து வண்டியிலோ வள்ளத்திலோ ஏறிவிடும். மரையாணியால் பூட்டிப் பிரிக்கும் இன்றைய உருக்குக் கொட்டகையின் அடிப்படைக் கருத்தும் இதுவே. பிணைக்கும் பொருள் மட்டும் வேறு.

வேய்ச்சலுக்கான ஓலை இருவகை. பனையோலை வெட்டியவுடன் அப்படியே கூரையேறுவதில்லை. விசிறியாகச் சுருங்கிக் கிடப்பதை நிலத்தில் பரப்பி, மிதித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாரமேற்றித் தட்டையாக்க வேண்டும். தென்னோலையைக் கழியிலோ கடல்நீர் தேங்கும் குட்டையிலோ ஊறப்போட்டு, நடு மட்டையில் இரண்டாகக் கீறி, கீற்றுகளை ஒன்றுக்குள் ஒன்றாக மாற்றிப் பின்னினால் கிடுகு கிடைக்கும். உவர்நீரில் ஊறிய ஓலையைப் பூச்சி எளிதில் தொடுவதில்லை என்பது இக்கரையார் அறிந்த உண்மை. பின்னும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அது வீட்டு முற்றத்தில், வேறு வேலைகளுக்கு இடையே, மழை தொடங்குமுன் முடிந்துவிட வேண்டிய ஒன்று. கைகள் பலவானாலும் கிடுகின் நீள அகலம் ஊருக்கு ஊர் பெரிதும் மாறவில்லை. ஓலையின் இயற்கையான நீளமும், வரிச்சுகளுக்கு இடையே விடும் இடைவெளியும், ஒருவர் தலையில் எத்தனை சுமக்கலாம் என்பதும் சேர்ந்து அந்த அளவை நிறுத்திவைத்தன. எனவே கிடுகு நூறு நூறாக எண்ணி விற்கப்படும் பண்டமாயிற்று. வாங்குபவர் அதை எந்த ஊரின் கொட்டிலிலும் பொருத்தலாம். ஒத்த அளவுள்ள, ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் பயன்படுத்தக்கூடிய, எண்ணி விற்கப்படும் கட்டட உறுப்பு என்பதுதான் முன்தயாரிப்பின் இலக்கணம் என்றால், கிடுகு பின்னிய முற்றங்களைத் தொழிலகம் என்று அழைப்பதில் மிகையில்லை. அவற்றைக் கைப்பணி என்ற தலைப்பில் பாயோடும் பெட்டியோடும் ஒதுக்கிவிடும் நூல்கள் கட்டடத் தொழிலின் ஒரு பெரும்பகுதியைக் காணாமற் போக்கிவிட்டன.

இந்த உறுப்புகள் குடியிருப்புக்கு மட்டும் சென்றவையல்ல. மன்னார்க் கரையின் மீன்பிடி, காற்றைப் பின்தொடர்ந்து இடம் மாறுவது. தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளித்துக் கிடக்க, வடக்கே பாக்குநீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது நிலைமை தலைகீழாகும். ஆகவே தொழிலாளர் ஒரு பருவத்தில் ஒரு கரையிலும் அடுத்த பருவத்தில் மறுகரையிலும் வாடி அமைத்தனர். வாடி என்பது மீனவர் தங்கவும், வலை காக்கவும், மீனை உப்பிட்டுக் கருவாடாக்கவும் பருவகாலத்துக்கு மட்டும் எழுப்பப்படும் கொட்டகைத் தொகுதி. தங்குமிடமும் தொழிற்சாலையும் அதில் ஒன்றாகவே இருக்கும். பருவம் முடிந்ததும் பயன்படும் கம்பும் வளையும் பிரிக்கப்பட்டு வள்ளம் ஏறும். நைந்த கிடுகு அடுப்புக்குப் போகும். உப்பளங்களில் குவித்த உப்பை மழை கரைக்காமல் காத்ததும் ஓலை வேய்ச்சலே. கட்டுக்கரைக்குளத்தின் நீரில் விளைந்த நெல்லைச் சூடுவைத்து மிதிக்கும் களங்களில் காவற்கொட்டிலும் பரணும் அதே உறுப்புகளால் ஆனவை. பண்ணைக் கட்டடம், தொழிற்கட்டடம் என்று இன்று பிரித்துச் சொல்லப்படும் இரண்டுக்கும் அன்று ஒரே வழங்கலாளர்தாம் இருந்தனர்.

இத்தொழில் எவ்வளவு பெரிய வேலையைத் தாங்க வல்லது என்பதைக் காட்டியது முத்துக்குளிப்பு. முத்துச்சிப்பி வளரும் பாறைத்திட்டுகளான பார்கள் மன்னார்த்தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய கரையூர்களுக்கு எதிரே கடலடியில் கிடக்கின்றன. சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து, பிறகு சில ஆண்டுகள் அள்ளிக் கொடுக்கும். ஆதலால் குளிப்புக்கென்று நிலையான பட்டணம் கட்டுவது வீண்செலவு. முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் எழுப்பிய தூண் மாளிகை ஒன்றே விதிவிலக்கு. கடலரிப்பில் அதன் பெரும்பகுதி இன்று சரிந்து கிடக்கிறது. ஆட்சியாளர் ஒருவர் முத்துக்காகக் கல்லில் முதலிட்டதன் விளைவு அது என்று அந்த இடிபாட்டைக் காட்டலாம். குளிப்பின் உண்மையான பட்டணம் ஓலைப்பட்டணமே.

பார்களைச் சோதித்து, குளிப்பு உண்டு என்று அரசு அறிவித்த பின், இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடையே கடல் அடங்கும் மாசி, பங்குனி, சித்திரைக்குள் எல்லாம் நடந்து முடிய வேண்டும். முசலிப் பகுதியின் உலர்காட்டு விளிம்பில், நன்னீர் அரிதான மணல்வெளியில், அதற்குள் ஒரு நகரம் எழுந்தாக வேண்டும். 1903 முதல் 1907 வரை அடுத்தடுத்து நிகழ்ந்த குளிப்புகளின்போது மரிச்சுக்கட்டி முகாமில் கூடியோர் தொகை ஏறக்குறைய 40,000 வரை சென்றது. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிகாரர் வந்தனர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து முத்து வணிகர் வந்தனர். அவர்களுக்கான தெருக்கள், கடைவரிசை, நீதிமன்றம், சிறை, மருத்துவமனை, தபால் தந்தி நிலையம் யாவும் கம்பிலும் ஓலையிலும் எழுந்தன. வாந்திபேதியும் தீயும் இத்தகைய முகாமின் இரண்டு பெரும் அச்சங்கள் என்பதால் தெருக்கள் நேர்க்கோட்டில், இடைவெளி விட்டு அமைக்கப்பட்டன. ஓலையால் ஆனதென்பதால் ஒழுங்கற்ற சேரி என்று அதை எண்ணுவது தவறு. அளந்து போட்ட வரைபடத்தின்படி நின்ற பட்டணம் அது.

அந்தப் பட்டணத்தின் நடுநாயகமான தொழிற்கட்டடம் கொட்டு. கொட்டு என்பது, படகுகள் கொணரும் சிப்பியை இறக்கி எண்ணவும் பங்கிடவும் கம்புவேலி அடைத்து, உள்ளே தனித்தனி அறைகளாக வகுத்து அமைக்கப்பட்ட பெரிய அடைப்பு. ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். அவற்றுள் இரண்டை அரச அலுவலர் குறிப்பிட்டு எடுத்துக்கொள்ள, மூன்றாவது குளிகாரருக்கு உரியதாகும். அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போகும். வாங்கியோர் தத்தம் சிறிய கொட்டுகளுக்குள் சிப்பியைத் தோணிகளில் இட்டுச் சில நாள் அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்குவர். அழுகும் சதையின் நாற்றத்தைக் காற்று கொண்டுபோக வேண்டும், வெளியாள் உள்ளே கைநீட்டித் திருட முடியாதபடி சுவர் நெருக்கமாகவும் இருக்க வேண்டும், நிழலும் வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேரத் தரக்கூடியது நெருக்கிக் கட்டிய கம்புச்சுவரும் ஓலைக்கூரையுமே. கல்லோ தகரமோ அந்த வெக்கையில் அவ்வேலையைச் செய்திருக்க முடியாது. 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் அரசின் கொட்டுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் இளம் குடியியல் சேவை அலுவலரான லெனார்ட் வூல்ப். பிற்காலத்தில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் புகழ்பெற்ற அவர், அந்த நாட்களைத் தம் தன்வரலாற்று நூலொன்றில் பதிவு செய்துள்ளார்.

1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருமானம் வந்தது. அந்த வருமானத்தைப் பார்த்தே அடுத்த ஆண்டில் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்கு 310,000 ரூபாய் வாடகையில், இலண்டனில் முதல் திரட்டிய கம்பனி ஒன்று எடுத்தது. 1907இன் குளிப்போடு சிப்பி ஓய்ந்துவிட்டது. 1912அளவில் கம்பனி கலைந்தது. பங்குதாரரின் இழப்பு பற்றி எழுதியவர்கள் பலர். குளிப்பு நின்றதால் கம்பும் ஓலையும் கிடுகும் கயிறும் வழங்கிய காட்டோர ஊர்களும் கரையூர்களும் ஒரு பெரும் சந்தையை இழந்தன என்பதை அவர்கள் எவரும் பொருட்படுத்தவில்லை.

ஓலைக்கு மாற்றான பொருள் இதற்குள் கடல் கடந்து வந்துவிட்டிருந்தது. பாமரின் நெளிதகடு தட்டைத் தகட்டைவிடப் பன்மடங்கு வளையாமை கொண்டது. மெல்லிய தகடே அகன்ற கூரையைத் தாங்கும். 1830களில் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றபின், துரு ஏறுவது தாமதமாகி, தகரம் என்று நாம் வழங்கும் பொருள் முழுமை பெற்றது. லிவர்பூல், மான்செஸ்டர், கிளாஸ்கோ ஆகிய நகரங்களின் பட்டறைகள் பண்டகசாலை, தேவாலயம், வீடு ஆகியவற்றை எண்ணிடப்பட்ட துண்டுகளாகப் பெட்டிகளில் அடைத்துக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பின. விலைப்பட்டியலைப் பார்த்து ஒரு தேவாலயத்தையே வரவழைத்துவிடலாம் என்ற நிலை இருந்தது. அமெரிக்காவில் 1901இல் கால்நடைக்கு நீர்வைக்கும் உருக்குத் தொட்டியோடு தொடங்கிய பட்லர் நிறுவனம் தானியக் குதிர்களுக்கும் பண்ணைக் கட்டடங்களுக்கும் விரிந்ததும், முதல் உலகப்போரின்போது 1916இல் பீற்றர் நிசென் என்ற படையதிகாரி அரைவட்டத் தகரக் குடிலை வடிவமைத்ததும் இதே வழியின் தொடர்ச்சி.

மன்னாரில் இரும்பு பெருமளவில் கால்வைத்த ஆண்டு 1914. அவ்வாண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு வழிவிட்டு மேலெழும் அதன் நடுக்கண், இங்கிலாந்தின் தோர்ணபி நகரிலிருந்த ஹெட் ரைட்சன் பட்டறையில் துண்டுகளாகச் செய்யப்பட்டு, பாம்பனில் பூட்டப்பட்டது. மார்ச் மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்க, மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை இருப்புப்பாதை தீவை நெடுக்காகக் கடந்தது. அதோடு தகரமும் ஊருக்குள் வந்தது. தகரம் தீப்பிடிக்காது, ஆண்டுக்கு ஆண்டு வேயத் தேவையில்லை. ஆனால் நண்பகலில் அதன்கீழ் இருக்க முடியாது, கடலோரத்தில் உப்புக்காற்று துத்தநாகப் பூச்சை விரைவில் தின்றுவிடும். தகரக்கூரையின்மேல் கிடுகைப் பரப்பிக் கட்டும் வழக்கம் இதனாலேயே தோன்றியது. புதியது பழையதை விரட்டிவிட்டது என்று ஒரே வரியில் முடிக்க விரும்பும் வரலாற்றாசிரியர் அந்தக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

முன்தயாரித்த கட்டடங்களை இலங்கையிலேயே ஆயத்தம் செய்யும் நவீனத் தொழிலகங்கள் மலைநாட்டின் தேவையால் பிறந்தவை. ஸ்கொட்லாந்துப் பொறியியலாளரான ஜோன் வாக்கர் 1854இல் கண்டியில் நிறுவிய பட்டறை, கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திரங்களால் பெயர்பெற்றது. பின்னர் வாக்கர் சன்ஸ் என்ற பெயரில் கொழும்பில் தீவின் பெரும் பொறியியல் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. 1876இல் தொடங்கிய கொழும்பு கொமர்ஷல் கம்பனி, கொம்பனித்தெருவில் பேரை ஏரியை ஒட்டிய பட்டறையிலிருந்து தோட்டங்களுக்கு உரமும் எந்திரமும் வழங்கியது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, 1880களில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்ததும், இந்நிறுவனங்களுக்குப் புதிய வேலை வந்தது. கோப்பிக்குக் களமும் சேமிப்பறையும் போதும். தேயிலைக்கோ தொழிற்சாலையே வேண்டும். பறித்த கொழுந்து பல மணி நேரம் காற்றில் வாடிய பின்பே உருட்டப்படும் என்பதால், கீழ்த்தளத்தில் உருட்டும் எந்திரமும் உலர்த்தும் அடுப்பும், அவற்றின்மேல் இரண்டு மூன்று தளங்களில் கொழுந்தைப் பரப்பும் வாட்டுமாடங்களும் கொண்ட நீண்ட கட்டடம் உருவானது. உலர்த்தும் அடுப்பின் வெப்பக்காற்றை விசிறிகள் மாடங்களுக்கு ஈர்க்கும். வரிசை வரிசையான சாளரங்கள் மலைக்காற்றை உள்ளே விடும். கட்டடமே ஓர் எந்திரம்.

அந்தக் கட்டடத்தைப் பாறைச்சரிவில் கல்லால் எழுப்புவதைவிட, பிரித்தானிய உருக்குச் சட்டங்களைக் கொழும்பில் அளவுக்கு வெட்டித் துளையிட்டு, தொடருந்திலும் மாட்டுவண்டியிலும் ஏற்றி, தோட்டத்தில் பூட்டி, தகரத்தால் போர்த்துவது விரைவானது. இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது இவ்வேலையை எளிதாக்கிற்று. 1925இல் கட்டப்பட்டு இன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கும் கண்டி ஹந்தானைத் தொழிற்சாலையும், 1996இல் விடுதியாக்கப்பட்ட கந்தப்பொளை ஹெதர்செட் தொழிற்சாலையும் அந்த வார்ப்பைக் காட்டுகின்றன. இங்கே மன்னாருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தத் தொழிற்சாலைகளுக்குள் கொழுந்தைச் சுமந்து சென்ற தமிழ்த் தொழிலாளரின் முன்னோர் பலர், 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதை எனப்பட்ட காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள். வழியில் நோயாலும் பட்டினியாலும் மாண்டவர் ஏராளம். எந்திரத்துக்கும் கொழுந்துக்கும் கணக்கிட்டு வரைந்து கட்டடம் அமைத்த அதே தோட்டத்துறை, அவர்களுக்கு ஒற்றையறை லயங்களையே கொடுத்தது. பொறியியல் திறமை இல்லாமையால் நேர்ந்ததல்ல அது.

1970களில் கொழும்பு கொமர்ஷல் கம்பனி அரசின் கைக்கு மாறி, பிரிவுகளாக உடைந்தது. அதன் பெயரைத் தாங்கி உர வணிகம் தொடர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசு தானே கட்டடப்பொருள் செய்யத் தொடங்கியது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வடக்கின் சுண்ணக்கல்லைக் கட்டடமாக்கியது. சோவியத் உதவியுடன் 1967இல் திறக்கப்பட்ட ஒறுவெல உருக்காலை கம்பியும் சட்டமும் தந்தது. சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரால் மூடப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னார் இருப்புப்பாதையும் நின்றது.

1990 மன்னார்த்தீவின் கட்டட வரலாற்றிலும் ஒரு வெட்டு. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள், எருக்கலம்பிட்டி முதலிய மன்னார்த்தீவு ஊர்களைச் சேர்ந்தோர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை கிடுகுக் கொட்டில்கள்; சில மாதங்களுக்கென்று எழுந்த அவை ஆண்டுக்கு ஆண்டு மீள வேயப்பட்டு, இரண்டு பதின்ம ஆண்டுகள் வரை நீடித்தன. வடக்கிலோ பனைகள் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டு, குற்றிகளாகப் பதுங்குகுழிகளின் கூரையாயின. முகட்டு வளையாக வேண்டிய மரம் எறிகணையைத் தாங்கும் மரமாயிற்று. 2009இல் போர் முடிந்தபோது இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் முகாம், மன்னார் செல்லும் வீதியை அண்டியே அமைந்தது. தடியும் தறப்பாளும் தகரமும் கொண்டு காடு வெட்டி அளந்து போடப்பட்ட அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மரிச்சுக்கட்டிக்கு ஒரு நூற்றாண்டின் பின், அதே மாவட்ட எல்லையருகே, மற்றொரு தற்காலிக நகரம். இம்முறை உள்ளே இருந்தோர் தாமாக வந்தவர்கள் அல்லர்.

மீள்குடியேற்றத்தின்போது இந்திய அரசின் உதவித்திட்டம் வீடு ஒன்றுக்கு 550,000 ரூபாய் வழங்கியது. அதன்படி பயனாளி தானே மேசனை அமர்த்தி, தன் காணியில் கட்டிக்கொள்ளலாம். அத்திட்டத்தின் குறைகள் பல. விலைவாசி ஏற, பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. ஆனால் கல்லரிந்தவரும் மண் சுமந்தவரும் தச்சரும் அதே ஊர்களில் கூலி பெற்றனர். இந்நிலையில் 2015இல் இலங்கை அரசு வடக்கு கிழக்குக்கு 65,000 முன்தயாரித்த உருக்கு வீடுகளை வழங்கும் திட்டத்தை முன்வைத்து, லக்சம்பேர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்செலோர்மிட்டல் நிறுவனத்தைத் தெரிவு செய்தது. வீடு ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். மாதிரி வீடுகள் யாழ்ப்பாணத்தில் காட்டப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் அறிஞரும், யாழ்ப்பாணத்தின் சமூக ஆய்வாளரும், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மக்கள் பிரதிநிதிகளும் முன்வைத்த வாதங்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. உருக்குச்சுவர் வெயிலை உள்ளே இறக்கும். கடற்காற்று அதை அரிக்கும். விறகடுப்புக்கு ஏற்ற சமையலறை இல்லை. குடும்பம் பெருகினால் ஓர் அறையைக்கூட ஊர் மேசனால் சேர்க்க முடியாது. ஒரு தகடு பழுதானால் மாற்றுத்தகடு கடல் கடந்து வரவேண்டும். அத்தனை கோடி ரூபாயில் உள்ளூர்க் கைகளுக்குச் சேர்வது மிகச் சொற்பம். அரசு முதலில் எண்ணிக்கையைக் குறைத்தது. பின்னர் திட்டமே கைவிடப்பட்டு, கல்லும் சீமெந்தும் கொண்ட வீடுகள் பேசப்பட்டன.

முன்தயாரிப்பு என்பதற்கு எதிரான தீர்ப்பாக அந்த எதிர்ப்பைக் கொள்வது பொருந்தாது. வடபுலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக முன்தயாரித்த கூரையின்கீழ் வாழ்ந்தவர்கள். வேறுபாடு செய்பவருக்கும் வாழ்பவருக்கும் இடையிலான தொலைவில் இருக்கிறது. கிடுகு பின்னிய முற்றம் அடுத்த தெருவில் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் சட்டகம் கொழும்பிலிருந்து வந்தாலும், அதைத் திருத்தத் தெரிந்த பொறியாளரும் பட்டறையும் தோட்டத்திலேயே இருந்தனர். உருக்கு வீட்டின் செய்முறை இந்நாட்டின் எந்தக் கொல்லனுக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. கூரையின் ஆயுள் பொருளைப் பொறுத்ததைவிட, அதைப் பழுதுபார்க்கும் கை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு மூன்று ஆண்டுகளே நிற்கும் ஓலை ஒரு கரையை நூற்றாண்டுக் கணக்கில் காத்துநின்றதற்குக் காரணம் இதுவே.

மன்னார்த்தீவின் ஊர்களில் ஓலைக்கூரை இன்று அருகிவிட்டது. அது வேலியாகவும், வாடிகளில் அங்கங்கே கூரையாகவும், சுற்றுலா விடுதிகளின் அலங்காரமாகவும் எஞ்சியிருக்கிறது. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் கவனம் பெரும்பாலும் உணவுப்பொருளிலும் கைவினைப் பொருளிலுமே செல்கிறது; வேய்ச்சல் தொழிலைக் கட்டடத்துறையின் பகுதியாகக் கருதி ஆவணப்படுத்தும் முயற்சி அச்சபைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் உரிய கடமை. கொட்டில் வளைத்த, கிடுகு பின்னிய, வாடி அடித்த முதியோர் ஓலைத்தொடுவாயிலும் பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் சிலாவத்துறையிலும் இன்னும் உள்ளனர். உறுப்புகளின் பெயர்கள், அளவுகள், கட்டுமுறைகள் ஆகியவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போரும், பழைய கிடுகுக் கணக்குக் கொப்பிகளையோ வாடிகளின் ஒளிப்படங்களையோ வைத்திருப்போரும், அவற்றின் படியொன்றைத் தத்தம் ஊர் நூலகத்துக்கோ நூலக நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கோ வழங்க முன்வர வேண்டும்.